நுண்ணுயிர்களின் கதை – 9: மணி, குச்சி, சுருள்

பாக்டீரியாவை உருவத்தால் பிரிக்கும் வழக்கம், இன்றைய பாடநூல்களில் காணப்படும் வடிவத்தை எட்டியது 1872இல், பிரெஸ்லாவ் நகரில். அந்நாளில் பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த அந்த ஊர் இப்போது போலந்தில் வ்ரோட்ஸ்வாஃப் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே தாவரவியல் கற்பித்துவந்த ஃபெர்டினாண்ட் கோன், தாம் நடத்திய ஆய்விதழில் பாக்டீரியா பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்க்கூட்டத்தை அவர் நான்கு குலங்களாக்கினார்: உருண்டையானவை, குட்டைக் குச்சிகள், நீண்ட குச்சிகள், சுருள்கள். உருண்டைக்கு மைக்ரோகாக்கஸ், குட்டைக் குச்சிக்கு பாக்டீரியம், நீண்ட குச்சிக்கு பேசில்லஸ், அதே குச்சி அலைபோல் வளைந்திருந்தால் விப்ரியோ, விறைப்பான சுருளுக்கு ஸ்பைரில்லம், நெளியும் சுருளுக்கு ஸ்பைரோகீட்டா. மொத்தம் ஆறே பேரினங்கள்.

அதற்கு முந்தைய இருநூறு ஆண்டுகளில் இந்த அளவுக்குக்கூட ஒழுங்கு வந்திருக்கவில்லை. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹுக், மிளகின் காரத்துக்குக் காரணம் தேடப்போய், மிளகு ஊறிய தண்ணீரில் நெளியும் சிற்றுயிர்களைக் கண்டு 1676இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். 1683இல் பல்லில் படிந்த அழுக்கை ஆராய்ந்து, அதில் கண்டவற்றைப் படமாகவும் வரைந்து அனுப்பினார். உருண்டை, குச்சி, சுருள் மூன்றும் அந்தப் படத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவர் எதற்கும் பெயர் வைக்கவில்லை. உலகத்து உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியவர் என்று புகழ்பெற்ற லின்னேயஸோ, இவற்றுக்குத் தம் பட்டியலின் கடைக்கோடியில், புழுக்கள் வகுப்பின் இறுதியில் ஓர் இடம் ஒதுக்கி, அந்தப் பேரினத்துக்கு ‘கேயாஸ்’ என்று பெயரிட்டார். கேயாஸ் என்றால் குழப்பம். அவருடைய தயக்கத்தை அதைவிட நேர்மையாகச் சொல்லியிருக்க முடியாது.

டென்மார்க்கின் ஓட்டோ ஃபிரெடரிக் முல்லர் அந்தக் குழப்பத்திலிருந்து மோனாஸ், விப்ரியோ என்ற இரண்டு பெயர்களைப் பிரித்தெடுத்தார். விப்ரியோ என்ற சொல் காலராக் கிருமியின் பெயரில் இன்றும் வாழ்வது அவரால்தான். பெர்லினில் கிறிஸ்டியான் கோட்ஃபிரீட் எஹ்ரன்பெர்க் 1828இல் ‘பாக்டீரியம்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தார். கிரேக்கத்தில் அது சிறு கோலைக் குறிக்கும். 1838இல் அவர் வெளியிட்ட பெரிய நூல் நுண்ணுயிர்களை முழுமையான விலங்குகளாகவே நடத்தியது. அவுரி, கார்மைன் முதலிய சாயங்களை நீரில் கலந்து ஊட்டி, சில உயிர்களுக்குள் நிறம் தேங்கும் புள்ளிகளைக் கண்ட எஹ்ரன்பெர்க், அவை வயிறுகள் என்று முடிவு கட்டினார். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே அகலமுள்ள ஒன்றுக்குப் பல வயிறுகள் இருப்பதாக எண்ணியது இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். யானைக்கும் கொசுவுக்கும் உள்ள உறுப்புகளே சிறு உயிர்களிலும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது அன்றைக்கு இயல்பான சிந்தனைதான்.

கோன் விலங்கியலர் அல்லர். பாசிகளிலும் பூஞ்சைகளிலும் தோய்ந்தவர். 1828இல் பிரெஸ்லாவிலேயே யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர் என்பதால் சொந்த ஊர்ப் பல்கலைக்கழகம் பட்டம் தர மறுக்க, பெர்லின் சென்று பத்தொன்பது வயதில் முனைவர் பட்டத்தோடு திரும்பினார். பாக்டீரியாவின் பிளவுபடும் முறையும் இழைகளாக நீளும் தன்மையும் நீலப்பச்சைப் பாசிகளை ஒத்திருப்பதைக் கண்டு, அவற்றைத் தாவர உலகில் சேர்த்தார். தாவரம் என்பது பிற்பாடு நிற்கவில்லை. ஆனால் நீலப்பச்சைப் பாசியோடு உறவு என்று அவர் சொன்னது நூற்றாண்டு கழித்து மெய்ப்பட்டது: அந்தப் ‘பாசிகள்’ பாசிகளே அல்ல, அவையும் பாக்டீரியாவே.

கோனின் கட்டுரையில் அதிகம் கவனிக்கப்படாத ஓர் எச்சரிக்கை உண்டு. தாம் அமைத்த பேரினங்கள் உருவப் பேரினங்கள் மட்டுமே, உறவுமுறையைக் காட்டுபவை என்று கொள்ளத் தகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். வேறு பிடிமானம் இல்லாததால் உருவத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நூறாண்டுகளில் வந்த பல பட்டியல்களில் இந்தத் தன்னடக்கம் காணாமல்போனது.

அவர் உறுதியாக நின்றது வேறொன்றில். ஒரு பாக்டீரியா இனம் தன் இயல்பைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துக்கொள்கிறது என்பதே அவர் கட்சி. எதிர்க்கட்சி வலுவானது. மியூனிக்கின் புகழ்பெற்ற தாவரவியலர் நேகெலி, பாக்டீரியாவில் தனித்தனி இனங்களே இல்லை, சூழலுக்கேற்ப உருண்டை குச்சியாகும், பாலைப் புளிக்கவைப்பது நோய்க்கிருமியாகவும் மாறும் என்றார். வியன்னாவின் அறுவை மருத்துவர் பில்ரோத் 1874இல் எழுதிய பருத்த நூலில் புண்களில் காணும் எல்லாவற்றையும் ஒரே உயிரின் பல உருவங்களாகக் கண்டார். இவர்கள் மூடர்கள் அல்லர். கலப்படமான வளர்ப்பை வைத்துக்கொண்டு இன்று உருண்டையும் நாளை குச்சியுமாகப் பார்த்தால் அந்த முடிவுக்கு வருவது எளிது. நேகெலி சொன்னது சரியென்றால் வகைப்பாடு என்ற முயற்சிக்கே பொருளில்லை. காலராவுக்கு ஒரு கிருமி, காசத்துக்கு ஒரு கிருமி என்ற பேச்சுக்கும் இடமில்லை.

வழக்கு கோன் பக்கம் சாயத் தொடங்கியது 1876இல். வைக்கோல் ஊறிய நீரைக் கொதிக்கவைத்த பின்னும் அதில் குச்சி வடிவ பாக்டீரியா மறுபடி முளைப்பதை ஆராய்ந்த அவர், பேசில்லஸ் சப்டிலிஸ் தன் உடலுக்குள் வெப்பம் தாங்கும் வித்துகளை உண்டாக்குவதைக் கண்டார். கொதிநீரில் குச்சி மடியும், வித்து பிழைக்கும், ஆறியபின் வித்திலிருந்து அதே குச்சி வரும். அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில், வோல்ஷ்டைன் என்ற சிற்றூரின் அரசு மருத்துவரான ராபர்ட் கோக், ஆந்த்ராக்ஸ் கிருமியின் வாழ்க்கைச் சுற்று முழுவதையும் கண்டறிந்துவிட்டதாகக் கடிதம் எழுதிவிட்டு, சோதனைக்கான பொருட்களோடு கோனின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். குச்சி, இழை, வித்து, மீண்டும் குச்சி என்ற சுற்றை மூன்று நாட்களில் கண்முன் நடத்திக் காட்டினார். கோக்கின் கட்டுரையும் கோனின் வித்துக் கட்டுரையும் ஒரே இதழில் வெளிவந்தன. உருவம் மாறுவது உண்மைதான்; ஆனால் அது ஒரே இனத்தின் சுற்றுக்குள் நடக்கும் மாற்றம் என்பது இதில் தெளிவானது.

கோனின் நான்கு குலங்களில் குட்டை, நெட்டை வேறுபாடு விரைவிலேயே உதிர்ந்தது. எஞ்சிய மூன்றும் நிலைத்தன: காக்கஸ் என்ற உருண்டை, பேசில்லஸ் என்ற குச்சி, ஸ்பைரில்லம் என்ற சுருள். காக்கஸ் என்பதன் கிரேக்க மூலம் மணியையோ கொட்டையையோ குறிப்பது. பேசில்லஸ் லத்தீனில் சிறு குச்சி. இவற்றுக்குள் உட்பிரிவுகள் வந்தது, பிளந்த செல்கள் எப்படி ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்பதிலிருந்து. உருண்டை ஒரே திசையில் பிளந்து பிரியாமல் நின்றால் பாசிமணி கோத்தாற்போல் சரமாகும். அதற்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்று பெயர் வைத்தவர், இனங்களே இல்லை என்று வாதாடிய அதே பில்ரோத்! ஒழுங்கற்ற திசைகளில் பிளந்தால் திராட்சைக் குலை. சீழ்க்கட்டிகளை ஆராய்ந்த அபர்டீன் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் 1882இல் அதற்கு, திராட்சைக் கொத்து என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து, ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டார். இரட்டையாக நிற்பது டிப்ளோகாக்கஸ். மூன்று திசையிலும் ஒழுங்காகப் பிளந்து, கயிறு கட்டிய பொட்டலம்போல் எட்டெட்டாக அடுக்கி நிற்பது சார்சினா.

வளைந்தவற்றில் புகழ் பெற்றது கோக் 1884இல் கல்கத்தாவில் தனிமைப்படுத்திய காலராக் கிருமி. நேர்க்குச்சியும் இல்லை, சுருளும் இல்லை, காற்புள்ளிபோல் ஒரு வளைவு. அதனால் ‘கமா பேசில்லஸ்’ என்றே அவர் அதைக் குறிப்பிட்டார். சுருள்களிலும் இரண்டு சாதி உண்டு. ஸ்பைரில்லம் விறைப்பான திருகாணி. நுனியில் உள்ள கசையிழைகளால் நீந்தும். ஸ்பைரோகீட்டுகள் மெல்லிய, வளைந்து கொடுக்கும் நூல்கள். அவற்றின் இழைகள் உறைக்குள்ளேயே உடலைச் சுற்றியிருப்பதால் உடலே முறுகி நகரும். 1905இல் ஷாவ்டினும் ஹாஃப்மனும் கண்ட சிஃபிலிஸ் கிருமி இந்த இரண்டாம் சாதி. மூன்று உருவங்களில் உண்மையான உறவையும் காட்டியது இந்த ஸ்பைரோகீட்டு ஒன்றுதான் என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. மற்ற இரண்டும் ஏமாற்றின.

உருவத்தை மட்டும் நம்பாமல், கிருமியைக் கலப்படமின்றித் தனியே வளர்த்துப் பார்க்கும் வழி கோக்கின் ஆய்வகத்தில் உருவானது. அவர் வெட்டிய உருளைக்கிழங்கின் மேல் தனித்தனிப் புள்ளிகளாக வளரும் கூட்டங்களைக் கவனித்தார். ஒரு புள்ளி ஒரே விதையின் வாரிசுகள் என்றால், அதைத் தொட்டெடுத்து வளர்த்தால் கலப்படமில்லாத வளர்ப்பு கிடைக்கும். உருளைக்கிழங்கில் எல்லாக் கிருமியும் வளராது. ஜெலட்டின் சேர்த்த கறிச்சாறு நன்றாக இருந்தது, ஆனால் உடல் வெப்பமான 37 டிகிரியில் இளகிவிடும். சில பாக்டீரியா அதைக் கரைத்தே விடும். அதற்குத் தீர்வு சமையலறையிலிருந்து வந்தது. கோக்கிடம் பணிபுரிந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தாம் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகர்-அகரைச் சொன்னார். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக் குடும்பத்தாரிடமிருந்து அவர் அறிந்தது அது. தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் கடல்பாசி என்றும் சைனா கிராஸ் என்றும் விற்பது இதுவே. நோன்புக் காலத்தில் பாலிலோ இளநீரிலோ காய்ச்சி ஊற்றி வைத்தால் கோடையிலும் இறுகி நிற்கும் அதே பண்பு பாக்டீரியாவியலைத் தூக்கி நிறுத்தியது. ஒருமுறை இறுகினால் கொதிநிலைக்கு அருகே போனாலொழிய இளகாது, பெரும்பாலான கிருமிகளால் தின்னவும் முடியாது. கோக் 1882ஆம் ஆண்டுக் கட்டுரையில் அகரை ஒரு வரியில் குறிப்பிட்டார். அந்தப் பெண்மணியின் பெயரைக் குறிப்பிடவில்லை. 1887இல் ரிச்சர்ட் பெட்ரியின் மூடித் தட்டு வந்து சேர்ந்ததும் இன்றைய ஆய்வகத்தின் தோற்றம் ஏறத்தாழ முழுமையானது.

வகைப்பாட்டின் அடுத்த பெரிய அடி, வகைப்பாட்டை நினைத்துக்கூடப் பார்க்காத ஒருவரிடமிருந்து வந்தது. டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியான் கிராம் 1884இல் பெர்லின் நகர மருத்துவமனையில் கார்ல் ஃப்ரீட்லெண்டரிடம் பணியாற்றிக்கொண்டிருந்தார். நிமோனியாவுக்குக் காரணம் எந்தக் கிருமி என்பதில் ஃப்ரீட்லெண்டருக்கும் ஆல்பர்ட் ஃப்ரெங்கெலுக்கும் பூசல். கிராமுக்கு இருந்த சிக்கல் எளிமையானது: இறந்தவரின் நுரையீரல் சீவலைச் சாயமேற்றினால் கிருமியும் திசுவின் உட்கருக்களும் ஒரே நிறமாகி, எது எதுவெனப் பிரித்தறிய முடியவில்லை. திசுவிலிருந்து சாயத்தைக் கழுவி, கிருமியில் மட்டும் நிறுத்த ஒரு வழி தேடினார்.

இன்று ஆய்வகங்களில் அந்த முறை நடக்கும் விதம் இது. கண்ணாடி வில்லையில் சளியையோ சீழையோ மெல்லத் தடவி, காயவிட்டு, சுடரின் மேல் இரண்டு மூன்று முறை வாட்டுவார்கள். முதலில் ஊதாச் சாயம், ஒரு நிமிடம். கழுவிவிட்டு அயோடின் கரைசல், இன்னொரு நிமிடம். இப்போது வில்லையில் உள்ள எல்லாமே கருநீலம். அடுத்து ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். வில்லையைச் சாய்த்துப் பிடித்து, வழியும் துளி நிறமற்றுப் போகும் கணத்தில் நீரால் நிறுத்த வேண்டும். சில நொடி குறைந்தால் எல்லாம் ஊதாவாகவே நிற்கும், சில நொடி கூடினால் எல்லாம் வெளுத்துவிடும். கைப்பழக்கம் முழுவதும் இந்தச் சில நொடியில்தான். கடைசியில் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம். ஊதாவை விடாமல் பிடித்துக்கொண்டவை கிராம் பாசிட்டிவ். இழந்து இளஞ்சிவப்பாகத் தெரிபவை கிராம் நெகட்டிவ்.

கிராம் இந்தச் சொற்களைப் பயன்படுத்தவில்லை. சிவப்புச் சாயமும் பிறகு சேர்ந்ததே. டைஃபாய்டு கிருமி சாயத்தை இழந்துவிடுவதை அவர் கவனித்து, அதைத் தம் முறையின் குறையாகவே பதிந்தார். அவர் குறையென்று நினைத்ததே பாக்டீரியாவை இரண்டாகப் பிளக்கும் கோடாயிற்று. ஃப்ரெங்கெலின் நிமோகாக்கஸ் ஊதா. ஃப்ரீட்லெண்டரின் கிருமி இளஞ்சிவப்பு. இரண்டுமே நிமோனியா தரக்கூடியவை என்பதால் பூசலிட்ட இருவரிடமும் ஓரளவு உண்மை இருந்தது.

காரணம் விளங்க இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, எலக்ட்ரான் நுண்ணோக்கி வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. வேறுபாடு செல் சுவரில் இருக்கிறது. கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவுக்கு பெப்டிடோகிளைக்கன் என்னும் வலைப்பின்னல் பல அடுக்காகத் தடித்திருக்கும். ஆல்கஹால் படும்போது அது நீரிழந்து சுருங்கி, உள்ளே சாயமும் அயோடினும் சேர்ந்து உண்டான பெரிய துகள்களைச் சிறைப்பிடிக்கிறது. கிராம் நெகட்டிவில் அந்த வலை மெல்லியது. அதற்கு வெளியே கொழுப்புப்பொருள் நிறைந்த இன்னொரு சவ்வு உண்டு. ஆல்கஹால் அந்த வெளிச்சவ்வைக் குலைக்க, சாயம் கசிந்து ஓடிவிடுகிறது. இதே வெளிச்சவ்வு பல மருந்துகளையும் தடுக்கிறது. ஃபிளெமிங் 1929இல் பென்சிலினைப் பற்றி எழுதியபோது, அதனால் சாகாத இன்ஃப்ளுயென்சா பேசில்லஸ் என்ற கிராம் நெகட்டிவ் கிருமியைப் பிரித்தெடுக்க அதைப் பயன்படுத்தலாம் என்பதைத்தான் கட்டுரைத் தலைப்பிலேயே சொல்லியிருந்தார்.

இரண்டு வண்ணத்துக்கும் அடங்காதவை உண்டு. காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் சுவரில் மெழுகுபோன்ற மைக்கோலிக் அமிலம் நிறைந்திருப்பதால் சாதாரணச் சாயம் எளிதில் ஏறாது. சூடாக்கி ஏற்றினால், பிறகு அமிலம் ஊற்றினாலும் இறங்காது. எர்லிக் தொடங்கி, ஸீல், நீல்சன் இருவரும் செப்பமாக்கிய இந்த முறையில்தான் சளிப் பரிசோதனை நெடுங்காலம் நடந்துவந்தது: நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள். மைக்கோபிளாஸ்மாக்களுக்கோ சுவரே கிடையாது. உருவம் என்று நிலையாக ஒன்றும் கிடையாது. பென்சிலின் தாக்குவது சுவர் கட்டும் வேலையை என்பதால் அவற்றிடம் அது செல்லாது.

உணவாலும் மூச்சாலும் பிரிக்கும் முறை இதற்கு இணையாக வளர்ந்தது. வெண்ணெய் சிக்கடிக்கும் வாடை தரும் பியூட்டிரிக் நொதித்தலை ஆராய்ந்த பாஸ்டர், காற்றுப் பட்டால் அசைவற்றுப்போகும் குச்சிகளை 1861இல் கண்டார். ஆக்சிஜன் இல்லாமல் உயிர் வாழும் என்பதே அன்று நம்ப முடியாத செய்தி. அதிலிருந்து ஆக்சிஜன் தேவைப்படுபவை, அதை வெறுப்பவை, இரண்டிலும் பிழைப்பவை என்ற பிரிவு வந்தது. துருப்பிடித்த ஆணியோடு மக்கள் இணைத்துப் பேசும் டெட்டனஸ் கிருமி இரண்டாம் வகை. ஆழமான குத்துக்காயத்தின் காற்றில்லாத அடியில் அது முளைக்கும். கிட்டசாட்டோ அதைத் தனியே வளர்த்தது 1889இல். ரஷ்யரான வினோகிராட்ஸ்கி ஹைட்ரஜன் சல்பைடையும் அம்மோனியாவையும் எரித்து ஆற்றல் பெறும் பாக்டீரியாவைக் கண்டு, சூரிய ஒளியும் கரிம உணவும் இல்லாமல் வாழ்வதற்கும் வழி உண்டு என்று நிறுவினார்.

பெயர்கள் பெருகின. ஒரே கிருமிக்கு ஊருக்கு ஒரு பெயர். இந்தக் காட்டைச் சீர்செய்ய அமெரிக்க பாக்டீரியாவியலர் சங்கம் எடுத்த முயற்சியின் விளைவாக, டேவிட் பெர்கியின் தலைமையில் 1923இல் வெளிவந்தது இன்றும் அவர் பெயரால் வழங்கும் கையேடு. உருவம், சாயம், எந்தச் சர்க்கரையைப் புளிக்கவைக்கும், ஜெலட்டினைக் கரைக்குமா, அசையுமா என்று கேள்விகளை அடுக்கி, கிளை கிளையாக இறங்கி இனத்தை அடையும் அமைப்பு அது. கையில் உள்ள கிருமியை இனங்காண இதைவிட உதவியான நூல் இல்லை. ஆனால் இனங்காணும் சாவியையே குலமரபாகவும் பலர் எடுத்துக்கொண்டார்கள். பிங்க் நிறச் சட்டை போட்டவர்களெல்லாம் பங்காளிகள் என்பதைப் போன்றது அது.

நோய் மருத்துவத்துக்கோ இனம் என்ற அளவு போதவில்லை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் கிருமிகளைப் பிரிக்க இரத்தநீர் முறை வந்தது. குறிப்பிட்ட மேற்பரப்புப் பொருளுக்கு எதிரான சீரத்தில் ஒரு துளியைக் கிருமியோடு கலந்தால், பொருந்தினால் பால் திரிந்தாற்போல் துகள்துகளாகும். பொருந்தாவிட்டால் கலங்கலாகவே இருக்கும். சால்மொனெல்லா ஒரு பேரினத்தில் மட்டும் இப்படி 2,500க்கும் மேற்பட்ட வகைகள் பிரிக்கப்பட்டன. லண்டன், டப்ளின், பரேலி என்று ஊர்ப்பெயர்கள் அவற்றுக்கு வைக்கப்பட்டன. காலராவிலோ ஓ1 என்ற ஒரே வகைதான் கொள்ளைநோய் தரும் என்பது அசையாத விதியாக இருந்தது. மற்றவை எல்லாம் ‘ஓ1 அல்லாதவை’ என்ற ஒரே கூடையில் போடப்பட்டன. அந்த விதி உடைந்தது சென்னையில். 1992இன் கடைசி மாதங்களில் அங்கே காலரா நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமி, நோயில் அச்சு அசலாகக் காலரா. ஆனால் ஓ1 சீரத்தில் திரளவில்லை. அதுவரை பட்டியலில் இருந்த 138 வகை சீரங்களில் எதிலும் திரளவில்லை. கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் அது பரவ, 139ஆம் எண் அதற்குத் தரப்பட்டது. பழைய காலரா வந்து எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களையும் அது விடவில்லை. பிறகு மரபணுவைப் பார்த்தபோது, அது புதிய குலமே அல்ல. பழைய ஓ1 கிருமியின் எல் டோர் என்னும் வகை தன் மேற்சட்டையின் மரபணுத் தொகுப்பை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தது.

இப்படி எந்த அடையாளத்தைப் பிடித்தாலும் அது நழுவியதால், உறவுமுறை வகைப்பாடு என்ற ஆசையையே கைவிட்டவர்களும் உண்டு. டெல்ஃப்டில் பயின்று கலிஃபோர்னியாவில் பணியாற்றிய வான் நீல் அவர்களில் முதன்மையானவர். இளமையில் அத்தகைய அமைப்பு ஒன்றைத் தாமே வகுத்தவர், ஐம்பதுகளில் அது இயலாத காரியம் என்று எழுதினார். அவரும் ரோஜர் ஸ்டேனியரும் 1962இல் எழுதிய கட்டுரை, பாக்டீரியா என்றால் என்ன என்பதையாவது வரையறுத்தது: உறை சூழ்ந்த உட்கரு இல்லாத செல். உள்ளே யார் யாருக்கு உறவு என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

அதை எடுத்துக்கொண்டவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கார்ல் வூஸ். பௌதிகம் படித்து வந்தவர். பாக்டீரியாவியலரின் அவநம்பிக்கை அவரைத் தொற்றவில்லை. எல்லா உயிரிலும் புரதம் செய்யும் ரைபோசோம் உண்டு. அதன் சிறு பகுதியில் உள்ள ஆர்.என்.ஏ.வில், பாக்டீரியாவில் ஏறத்தாழ 1,540 எழுத்துகள். வேலை மாறாததால் அவை மிக மெதுவாகவே மாறும். இரண்டு உயிர்களில் அந்த எழுத்துகள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவு தொலைவு அவற்றின் பொது மூதாதை. முழுதாகப் படிக்கும் கருவி அன்று இல்லை. கதிரியக்கப் பாஸ்பரஸ் ஊட்டி வளர்த்த பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வை நொதியால் துண்டாக்கி, மின்புலத்தில் தாளின்மேல் பரப்பி, எக்ஸ்ரே படச்சுருளில் பதித்தால் கரும்புள்ளிகளாக விழும். அந்தப் படங்களை விளக்குப் பலகையில் வைத்து, புள்ளி புள்ளியாக எந்தத் துண்டு எதுவென்று கணக்கெடுப்பதே வூஸின் வேலை. ஆண்டுக்கணக்கில் அதைத் தனியே செய்தார்.

1976இல் சக பேராசிரியர் ரால்ஃப் வுல்ஃப் வளர்த்துத் தந்த மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரின் படத்தில், எல்லா பாக்டீரியாவிலும் தவறாமல் தெரிந்த சில புள்ளிகள் இல்லை. மறுபடி செய்தார்; மறுபடியும் இல்லை. பார்வைக்கு அது பாக்டீரியா. குச்சி வடிவம், உட்கரு இல்லை. மூலக்கூறில் மனிதன் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் இருந்தது. ஜார்ஜ் ஃபாக்ஸோடு சேர்ந்து 1977இல் இதை ஆர்க்கிபாக்டீரியா என்று அவர் வெளியிட்டபோது, நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியா வுல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இதிலிருந்து விலகிக்கொள்ளும்படி எச்சரித்தார். மியூனிக்கில் ஓட்டோ கண்ட்லர் மட்டும் உடனே ஏற்றார். அந்த நுண்ணுயிர்களின் சுவரில் பெப்டிடோகிளைக்கன் இல்லை என்பதை அவர் முன்பே கண்டிருந்தார். 1990இல் உயிருலகம் பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கரு உள்ளவை என மூன்று பெரும்பகுதிகளாயிற்று.

பாக்டீரியாவுக்குள் விளைந்த மாற்றங்களும் குறைந்தவை அல்ல. ஸ்டாஃபிலோகாக்கஸும் மைக்ரோகாக்கஸும் இரண்டுமே ஊதா நிறத்தில் கொத்தாக நிற்கும் உருண்டைகள். ஒரே குடும்பமாக நெடுங்காலம் இருந்தன. ஆர்.என்.ஏ. சொன்னது வேறு: ஸ்டாஃபிலோகாக்கஸின் நெருங்கிய உறவு குச்சியான பேசில்லஸ்; மைக்ரோகாக்கஸோ ஸ்ட்ரெப்டோமைசஸ் இருக்கும் வேறொரு பெருங்கிளை. சுவரற்ற மைக்கோபிளாஸ்மா ஆதி உயிரின் எச்சம் என்று எண்ணப்பட்டது. உண்மையில் அது பேசில்லஸ், கிளாஸ்ட்ரிடியம் பக்கத்து மூதாதையிடமிருந்து பிறந்து சுவரைத் தொலைத்தது. இட்லி மாவைப் பொங்கவைக்கும் லூகோநோஸ்டாக் உருண்டை. அதோடு சேர்ந்து மாவைப் புளிக்கவைக்கும் லாக்டோபேசில்லஸ் வகைகள் குச்சி. 2020இல் நடந்த மறுசீரமைப்பில் இரண்டும் ஒரே குடும்பத்தில் சேர்க்கப்பட்டன. கோனின் பட்டியலில் அவை வெவ்வேறு குலம்.

பெயர்களுக்கும் ஒரு பெரிய கழிப்பு நடந்தது. பெயர் முன்னுரிமை அதுவரை லின்னேயஸின் 1753 முதல் கணக்கிடப்பட்டு வந்தது. 1980 ஜனவரி 1 முதல் புதுக்கணக்கு: அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இடம்பெறாத பழைய பெயர் எதுவும் செல்லாது. பல்லாயிரக்கணக்கில் குவிந்திருந்தவற்றில் தேறியவை இரண்டாயிரத்துச் சொச்சம். 2021இல் தொகுதிகளுக்கும் விதிப்படி பெயர் வந்தது; ஃபர்மிக்யூட்ஸ் என்று வழங்கியது பேசில்லோட்டா ஆனது, புரோட்டியோபாக்டீரியா சூடோமோனாடோட்டா ஆனது. ஆய்வகப் பேச்சில் பழைய பெயர்களே இன்னும் புழங்குகின்றன.

மரபு சொன்னபடியெல்லாம் பெயர் மாறிவிடவும் இல்லை. ஷிகெல்லா, எஷரிகியா கோலை இரண்டும் மரபணுவில் ஒரே இனம். இரத்தக்கழிச்சல் தரும் கிருமியைத் தனியே சுட்ட வேண்டிய மருத்துவத் தேவைக்காக இரண்டு பேரினங்களாகவே நீடிக்கின்றன. 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கண்ட பிளேக் கிருமி பாக்டீரியம், பேசில்லஸ், பாஸ்டுரெல்லா என்று பல பேரினங்களில் குடியிருந்துவிட்டு, 1944இல் அவர் பெயரிலேயே அமைந்த யெர்சினியாவுக்கு வந்தது. குடலில் சிறு உபாதை தரும் யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸும் அதுவும் டி.என்.ஏ.வில் ஒரே இனம் என்று தெரிந்ததும், பிளேக் கிருமியை அதன் துணையினமாக்கும் பெயர் ஒன்று முன்மொழியப்பட்டது. ஏறத்தாழ அதே பெயர் கொண்ட, ஆபத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடுடைய இரண்டு கிருமிகளின் குப்பிகள் ஓர் ஆய்வக அலமாரியில் மாறிப்போனால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. பாக்டீரியாப் பெயரிடல் வழக்குகளைத் தீர்க்கும் பன்னாட்டு ஆணையம் 1985இல் அந்தப் புதிய பெயரை நிராகரித்தது. பிளேக் கிருமி யெர்சினியா பெஸ்டிஸாகவே இருக்கிறது.